அஞ்சலையக்காவுக்கு நான் என்ன சொல்ல

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நேரங்கெட்ட நேரத்தில் போன் பண்ணினால், "ஏய் லூசு, மனுஷி தூங்க வேணாமா?" என்று திட்டிவிட்டு, அப்புறம் நீயே வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். கத்திரி வெயில் ஆரம்பித்ததிலிருந்து விழுப்புரத்தில் ராத்திரியிலும் சுவர் சுடுகிறது. மின்விசிறி அனலைத்தான் அள்ளிக் கொட்டுகிறது. ஜன்னலில் ஈரத்துணி கட்டி, அவள் முதுகில் விசிறிக்கொண்டே இருந்து, கை ஓய்ந்த பிறகு எழுந்து சமையலறைக்கு வந்தேன். போனில் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் வந்த படம் அது. அஞ்சலையக்கா வீட்டுக்குள் எடுத்தது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து, செங்கல் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடம். பார்த்ததும் எனக்கு அந்த வீட்டு வாடையே வந்துவிட்டது. ஈரச் சுண்ணாம்பும் கருவாடும் கலந்த வாடை. நீயும் நானும் அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

படம் எனக்கு வந்ததல்ல, உனக்கு வந்தது. பேஸ்புக்கில் நீ நடத்தின பக்கத்துக்கு. கடலைப் பற்றி, வெயிலைப் பற்றி, மழை ஏன் இப்படிக் கிறுக்குப் பிடித்த மாதிரி பெய்கிறது என்பதைப் பற்றி நீ தமிழில் எழுதினது எல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு. அதை நான் இதுவரை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை.

"அம்மாடி, நல்லா இருக்கியா? அஞ்சலை பேசறேன், மரக்காணத்துலேர்ந்து. நீல மேப்பப் பாத்து ஓடனேனே, அந்த அஞ்சலை. இன்னாம்மா ஆளையே காணோம்? ஒண்ணுமே எழுத மாட்டேன்றியாமே, என் பொண்ணு சொல்லுது. சரி, அத்த உடு. எங்களுக்குக் கவர்மெண்டு வூடு வருது. இப்ப இருக்கற எடத்துலயே கட்டிக்கினாலும் கட்டிக்கலாமாம். வேணாம்னா ரோட்டுக்கு அந்தாண்ட எடம் தர்றாங்களாம். திங்கக்கெழம போயி எதுன்னு சொல்லிடணும். எங்க வூட்டுக்காரரு கடல உட்டு நகர மாட்டேன்றாரு. பொண்ணு முழுகாம இருக்குது, தலப் பிரசவம், இங்கதான் வரப்போவுது. நீ படிச்சவ, பொய் சொல்ல மாட்ட. நீ கட்டுன்னா கட்டறேன், போன்னா போறேன். சொவத்தப் படம் புடிச்சி அனுப்பியிருக்கேன், பாரு. ஜல்தியா சொல்லும்மா."

அவங்களுக்கு நீ செத்துப்போனது தெரியாது.

நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கிற யாருக்குமே சொல்லவில்லை. திட்டி எழுதுகிறவர்களை அழிக்கத்தான் என்னை அந்தப் பக்கத்துக்குள் விட்டாய். "எனக்குப் படிச்சா கோவம் வரும், பதிலுக்குத் திட்டிடுவேன். உனக்குப் பயம்தான வரும், பரவால்ல" என்றாய். அந்தச் சாவி என்னிடமே தங்கிவிட்டது. போன ஐப்பசியில் நீ போன பிறகு உன் பிறந்தநாளைக்கு வாழ்த்து வந்தது. சென்னையில் தண்ணீர் வருமா என்று கேட்டு வந்தது. ஒருவர் உன்னை இன்னும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். உன் பெயருக்குக் கீழே காலமானார் என்று தட்டெழுத விரல் போகும், திரும்பி வந்துவிடும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டு விட்டே வைகாசி ஆகப்போகிறது.

இப்போது இந்தக் கேள்வி. வீட்டில் அவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு இந்தப் பேஜாரு? நீ என்ன விஞ்ஞானியா? பக்கத்த மூடிட்டுப் படு" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கியதோடு என் விஞ்ஞானம் முடிந்துவிட்டது. ஆனால் அஞ்சலையக்கா கேட்பது வேறு யாரிடமும் இல்லையே.

திண்டிவனத்தில் நாம் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷத்து டிசம்பர் ஞாபகம் வருகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை. நான் வளவனூரில் இருந்தேன். சுனாமி வந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நீ எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாய். "எங்க மாதா கோயில்லேர்ந்து அரிசி, துணி எல்லாம் வண்டியில போவுது. பிரிச்சுக் குடுக்க ஆள் இல்ல. வர்றியா?" அம்மா விடமாட்டேன் என்றாள். நீ போனிலேயே அம்மாவிடம் பேசி எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டாய்.

மரக்காணத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு ஜனங்களை உள்ளே தங்கவைத்திருந்தார்கள். நாம் போன அன்றே மத்தியானம் யாரோ ஒருவர் வெளியிலிருந்து "கடல் வருது" என்று கத்தினார். சோறு வாங்க நின்றிருந்தவர்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குழந்தைகளை ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தார்கள். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீ சோற்றுக் குண்டான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். தைரியம் இல்லை, உனக்குக் கால் வரவில்லை. பிறகு நீயே சொன்னாய். கடல் வரவில்லை. எல்லோரும் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் நம் இருவரையும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்: "காலேஜு படிக்கிற புள்ளைங்கதான? சொல்லுங்களேன், மறுபடியும் வருமா?"

திரும்பி வரும்போது வண்டியில் நீ காலி அரிசிச் சாக்குகளை மடித்துக்கொண்டே வந்தாய். திண்டிவனம் மேம்பாலம் வந்த பிறகுதான், "கேட்டாங்க இல்ல? எனக்கு ஒண்ணுமே தெரியலடீ" என்றாய். நான் அதை அன்றோடு மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. மேலே படித்தாய், சென்னைக்குப் போனாய், கடலோரத்துக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறிக்கொண்டே வருகிறது என்று ஊர் ஊராகப் போய் அளந்தாய். நான் கல்யாணம் ஆகி விழுப்புரத்துக்கு வந்தேன். நீ அளந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவாய். அது அச்சாகி வரும். "இதப் படிக்கப்போறது மொத்தமா நாலு பேரு. அதுல ரெண்டு பேரு என்கூட காண்டீன்ல டீ குடிக்கிறவங்க" என்பாய். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கத்தை ஆரம்பித்தாய்.

உன் அலுவலகத்தில் கிண்டல் பண்ணினார்கள். பேஸ்புக்கில் எழுதுவது ஆராய்ச்சியா என்று உன் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டாராம். நீ சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "சார், எங்க ஊர்ல கெணத்துத் தண்ணி கரிக்குது. எதனாலன்னு நமக்குத் தெரியும். குடிக்கிறவங்களுக்குத் தெரியாது. இது எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

ஆனால் முதலில் நீ எழுதினது யாருக்கும் புரியவில்லை. படம் போட்டால் பார்ப்பார்கள் என்று எவரோ சொல்ல, நீ அந்த வரைபடத்தைப் போட்டாய். கடல் மட்டம் உயர்ந்தால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் எந்தெந்த இடம் தண்ணீருக்குள் போகலாம் என்று நம் கடற்கரையை நீலமாக அடித்துக் காட்டின படம். கீழே எல்லா விளக்கமும் ஒழுங்காக எழுதியிருந்தாய். எப்போது, எந்தக் கணக்கில், எவ்வளவு நிச்சயம், எல்லாம். அப்படி ஒரு வேகத்தில் உன் பதிவு எதுவும் பரவினது கிடையாது. எனக்குப் போன் போட்டு, "பாத்தியாடீ, எவ்ளோ பேரு" என்று குதித்தாய்.

ஒரு மழைநாள் அது. யாரோ ஒரு புண்ணியவான் விளக்கத்தையெல்லாம் வெட்டிவிட்டு, படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டு, "இன்னிக்கி ராத்திரிக்குள்ள நீலமா இருக்கற எடமெல்லாம் போயிடும், கவர்மெண்டே சொல்லிடுச்சி" என்று குரலும் சேர்த்து அனுப்பிவிட்டான். மரக்காணத்துக் குப்பம் ஒன்றில் யாரோ திறந்து பார்த்தார்கள். தங்கள் தெரு நீலத்துக்குள் இருந்தது. நாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பார்த்த ஓட்டம் இருக்கிறதே, அதே ஓட்டம்தான் பத்து வருஷம் கழித்தும். டி.வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். ஈ.சி.ஆர். ரோட்டு மேல் விடிய விடிய மழையில் உட்கார்ந்திருந்தார்கள்.

செய்தி உனக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாய். உன் குரல் உன் குரலாகவே இல்லை. "நான் போறேன். தனியாப் போக முடியல, நீயும் வா" என்றாய். ஒரு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீ நின்ற நிற்பை இப்போதும் பார்க்கிறேன். வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பிரிக்காமலே கையில் கசக்கிக்கொண்டிருந்தாய்.

குப்பத்தில் நாலைந்து பெண்கள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ நேராகப் போய், "அந்தப் படம் நான்தாங்க போட்டேன்" என்றாய். சுற்றிவளைக்கத் தெரியாது உனக்கு.

கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்த ஒரு பெண் எழுந்தாள். அதுதான் அஞ்சலையக்கா.

"நீயா? நான் யாரோ டை கட்டின ஆளுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினிக்காண்டி பொண்ணா இருக்கற." துணியை அவிழ்த்துக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து தோல் உரிந்திருந்தது. "அடுப்புல மீன் கொழம்பு கொதிச்சிக்கினு இருந்தது. ஓடுடீன்னாங்க. சட்டியோட ஓடனேன். எதுக்குச் சட்டியத் தூக்கனேன்னு எனக்கே தெரியல. சட்டியும் போச்சி, கொழம்பும் போச்சி, கையும் போச்சி."

"மீனு நல்ல மீனு வேற" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நான் ஓடச் சொல்லலீங்க" என்று மெதுவாகச் சொன்னாய்.

"எங்க தெருவ நீலமா அடிச்சி உட்டா வேற இன்னா அர்த்தம்? சரி, இப்பச் சொல்லு. கடல் எப்ப வரும்?"

"இன்னைக்கி வராது."

"நாளைக்கி?"

"நாளைக்கும் வராது."

"அடியே, அப்ப எப்பத்தான்டீ வரும்? ஒலை வைக்கணும், ஜல்தியா சொல்லிட்டுப் போ."

அப்போதும் சிரிப்புதான். நீ மணலில் உட்கார்ந்தாய். "ஒரேயடியா வராதுங்க. கொஞ்சங் கொஞ்சமா வரும். கெணத்துல வரும், சொவத்துல வரும். புயல் அடிக்கறப்ப முன்னெல்லாம் வந்ததவிட ரெண்டு வீடு தள்ளி வரும். எந்த வருஷம் எந்த வீட்டுக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாய். சிரிப்பு நின்றது. அஞ்சலையக்கா துணியை மறுபடி சுற்றிக்கொண்டே, "இத்த இப்பிடியே உக்காந்து சொல்லியிருந்தா நான் கொழம்ப எறக்கி வெச்சிட்டு நிதானமா கேட்டிருப்பேனே" என்றாள். பிறகு என் பெண்ணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்காரவைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "நான் சொன்னதுல ஒரு எழுத்துகூட தப்பு இல்லடீ. ஆனா அந்தம்மா கை வெந்துபோச்சு."

அதற்குப் பிறகுதான் நான் உனக்குப் பயன்பட ஆரம்பித்தேன். "எனக்குத் தெரிஞ்ச பயந்தாங்கொள்ளியிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நீதான். இனிமே எது எழுதினாலும் உனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் போடுவேன்" என்றாய். மத்தியானம் நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாய். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்பேன். முடித்ததும், "எப்படி இருக்கு?" என்பாய்.

"பயமா இருக்கு."

"எவ்ளோ பயம்?"

"கதவச் சாத்திக்கினு பாப்பாவக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருக்கு."

"அப்ப வேணாம்." அடித்துவிடுவாய். மறுபடி எழுதுவாய்.

ஒருமுறை நல்ல தண்ணீர்க் கிணறு உவர்ப்பாவதைப் பற்றி மிக மென்மையாக எழுதிப் படித்தாய். கேட்டு முடித்து, "நல்லா இருக்குடீ, தூக்கம் வருது" என்றேன். அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. "இதுவும் தப்புதான்! தூங்கிட்டீன்னா நாளைக்கு யாரு கெணத்தப் போய்ப் பாக்கறது?" என்று அதையும் கிழித்தாய். பல நாள் இப்படியே போகும். என்றைக்காவது நான் பயத்தோடு, "சரி, அப்ப நான் காலையில எழுந்து என்ன பண்ணட்டும்?" என்று கேட்டால் மட்டும், "ஆங், இதப் போடறேன்" என்பாய்.

நான் ஒத்துக்கொள்ளாத நாட்களும் உண்டு. "நீ இவ்ளோ பாத்துப் பாத்து எழுதறே. அவனவன் ஊரே முழுகுதுன்னு வீடியோ போட்டு லட்சக்கணக்குல ஆளப் புடிக்கிறான். உன்னுத யாரு பாக்கறா?" என்று கேட்டிருக்கிறேன். உனக்கும் அது உறுத்தியது. பயத்துக்கு ஒரே ராத்திரியில் ஆயிரம் பேர் கூடுவதும், கிணற்று நீரைச் சோதிக்க எங்கே போக வேண்டும் என்று எழுதினால் ஏழெட்டுப் பேரோடு நின்றுவிடுவதும் உனக்குத் தெரியாதா என்ன. "அந்த ஏழெட்டுப் பேருல ஒருத்தர் போயி சோதிச்சிட்டு வந்து எழுதறாங்கடீ. அந்த ஆயிரம் பேரும் அடுத்த வீடியோவுக்குப் போயிட்டாங்க" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் சொல்றது சரியான்னு எனக்கே தெரியல. இவ்ளோ மெதுவா சொல்லிக்கினு இருந்தா நேரம் பத்தாதோன்னு பயமா இருக்கு" என்றாய். உனக்குப் பயம் என்று நீ சொல்லி நான் கேட்டது அப்போதுதான். எனக்கு அது எந்த வீடியோவையும்விட அதிகமாகப் பயத்தைக் கொடுத்தது. நீ பயப்படமாட்டாய் என்ற நம்பிக்கையில்தான் நான் அவ்வளவு நாளும் தாராளமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

உன்னைப் புதைத்த அன்று உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் உன்னுடையது மட்டும் ஈர மண். காய்ச்சல் என்று படுத்தவள் அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டாய். டெங்கு. கொசு பெருகுவதைப் பற்றியும் நீதான் எழுதினாய், வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் தண்ணீர் தேங்கும் என்று. அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் நான் மாடியில் கிடந்த தேங்காய் ஓடெல்லாம் பொறுக்கிப் போட்டேன். இப்போது பாப்பா உடம்பு கொஞ்சம் சுட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வெயில் சூடா, காய்ச்சல் சூடா என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன வாரம் அவள் பக்கத்து வீட்டுப் பையன் போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பெரிய பெரிய கட்டடமெல்லாம் அலைக்குள் சரிகிறது, பின்னால் பயங்கரமாக இசை. சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, கடல் நம்ம வீட்டுக்கு வருமா?" வராது, நாம ரொம்ப தூரத்தில் இருக்கிறோம் என்றேன். "அஞ்சலைப் பெரியம்மா வீட்டுக்கு?" என்றாள். அவளுக்கு அங்கே கல்யாணத்துக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தாள்.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் நான் வர வேண்டும். அஞ்சலையக்கா பெண் கல்யாணம். நீ போவதற்கு முந்தின ஆனி மாசம். ஆறின தழும்பு தெரியக் கையை வீசி வீசி எல்லோரையும் பந்திக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். உன்னைக் காட்டி, "இதுதான் என் கைய வேகவெச்ச டாக்டரு" என்று சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினாள். சாப்பிட்டுவிட்டு நீ உள்ளே போய் இந்தச் சுவர் முன்னால் நின்றாய். நகத்தால் உப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாய். அப்போது அது முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

பஸ்ஸில் பாப்பா உன் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். உப்பளமெல்லாம் தாண்டின பிறகு நீயாகவே சொன்னாய்: "நானா இருந்தா அந்த எடத்துல இனிமே ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன்."

"அத எழுதேன்டீ" என்றேன்.

"எப்படி எழுதறது? நான் அளந்தது கெணத்துத் தண்ணிய. அந்தத் தெரு எத்தன வருஷம் நிக்கும்னு நான் அளக்கல, யாரும் அளக்கல. இது என் மனசுல தோணறது. தோணறத எழுதினா, அன்னைக்கி வாய்ஸ் போட்டு அனுப்பினானே, அவனும் நானும் ஒண்ணு."

"அப்ப நேர்லயாவது சொல்லு. உன்ன நம்புது அந்தம்மா."

"இன்னைக்கி கல்யாண வீட்ல எப்படிச் சொல்றது? அடுத்த தடவ வர்றப்ப உக்காந்து சொல்றேன்" என்றாய்.

அடுத்த தடவை வரவே இல்லை. நீ சொல்ல நினைத்தது என்னிடம் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை. நீ எழுதின எல்லாவற்றையும் இன்று சாயங்காலத்திலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன், இந்த ஒன்றை மட்டும் நீ எங்கேயும் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்றும் தெரியும்.

நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லி அவங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், அந்த மனுஷன் கடலைப் பார்க்காமல் ஒடிந்துபோய், கடைசியில் அந்தத் தெரு இன்னும் ஐம்பது வருஷம் அப்படியே நின்றால்? அது ஒரு பயம். நான் வாயை மூடிக்கொண்டிருந்து, அவங்க அங்கேயே கட்டி, ஒரு புயல் ராத்திரியில் அந்தப் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால்? அது இன்னொரு பயம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். முதலாவது நடந்தால் அவங்க என்னைத் திட்டுவாங்க. திட்டு வாங்கிக்கொள்ளலாம், நீ வாங்கவில்லையா?

கொஞ்ச நேரம் முன்பு பதில் பேசி அனுப்பிவிட்டேன். நாலைந்து தடவை பதிவு செய்து அழித்தேன். முதலில் அழுகை வந்தது, அப்புறம் உன்னை மாதிரியே பேசப் பார்த்து எனக்கே பிடிக்கவில்லை. கடைசியாக அனுப்பினது இது. நீ கேட்க வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

"அஞ்சலையக்கா, இது அவ இல்ல. அவகூட கைக்கொழந்தையோட வருவேனே, விழுப்புரத்துப் பொண்ணு, நான் பேசறேன். அவ போன ஐப்பசியில டெங்கு வந்து செத்துட்டா. உங்களுக்குச் சொல்லாம இருந்துட்டேன், வாய் வரல. நீங்க கேட்டதுக்கு அவ எழுதி வச்ச பதில் எதுவும் இல்ல. ஆனா உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்துட்டுப் போறப்ப பஸ்ல என்கிட்ட சொன்னா, அவளா இருந்தா அந்த எடத்துல இனிமே கட்ட மாட்டேன்னு. இது அளந்து பாத்துச் சொன்னது இல்லக்கா, அவ மனசுல பட்டது. உங்ககிட்ட உக்காந்து சொல்லணும்னு இருந்தா. கடல் இன்னைக்கி வராது, நாளைக்கும் வராது, யாரும் ஓட வேணாம். ஆனா திங்கக்கெழம நீங்க போறப்ப, அந்தாண்ட எடம் குடுத்தா படகு, வலை வைக்கக் கரையில எடம் உண்டான்னு கேளுங்க. அண்ணனையும் கூட்டிக்கினு போங்க, அவரே கேக்கட்டும். அந்தாண்ட கெணத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சி வைங்க, எங்க குடுத்துச் சோதிக்கறதுன்னு அவ எழுதி வச்சது இருக்கு. நான் ஞாயித்துக்கெழம பாப்பாவத் தூக்கிக்கினு வர்றேன். என்னத் திட்டணும்னா நேர்ல திட்டுங்க. நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல, பயமா இருக்குக்கா. இதக் கேட்டதும் எனக்கு ஜல்தியா ஒரு பதில் போடுங்க."